நைனாவுக்குப் பக்கம் தெரியவில்லை

1

நெதர்லாந்துக்கு வந்து ஐந்து வருடம் நிறைந்த வாரத்தில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். இரண்டாம் வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பயிற்றுநர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். எதிரே நின்ற வேனின் எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "தப்பு. உனக்குத் தூரப் பார்வை சரியில்லை. கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டு வா. அதுவரை வகுப்பு இல்லை" என்றார். குரலில் கோபமும் இல்லை, பரிவும் இல்லை. டயரில் காற்று குறைந்திருக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

கண்ணாடிக் கடையில் ஒரு பெண் என் முகத்தைக் கருவியில் பொருத்தி, கண்ணில் பட்டென்று காற்றை ஊதி அழுத்தம் பார்த்தார். பிறகு ஒரு படிவம் தந்தார். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. வீடு மாறினால், குப்பைத் தொட்டி உடைந்தால், வேலை செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்தால், எதற்கும். பலர் சலித்துக்கொள்வார்கள். எனக்குப் படிவங்கள் பிடிக்கும். கேள்வி தெளிவாக இருக்கும், பதில் எழுதும் கட்டமும் தெளிவாக இருக்கும். ஐந்து வருடத்தில் எந்தப் படிவத்திலும் நான் பொய் எழுதியதில்லை.

'குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. அது என்ன என்று கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடும். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். முதலில் பக்கப் பார்வை போகும்; நேராகப் பார்ப்பது கடைசிவரை இருக்கும் என்பதால் வெளியே தெரியாது. போனது திரும்பாது. ஆனால் மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். குடும்ப வழியாகவும் வரும்.

ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டங்கள். 'தெரியாது' என்பதில் குறியிட்டேன்.

நோயின் பெயர் எனக்குத் தெரியாதுதான். ஆனால் என் அப்பாவுக்குப் பக்கப் பார்வை இல்லை என்பது தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும்.

2

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா பக்கத்தில் இருப்பதால், பழவேற்காட்டில் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். நைனாவின் கண்ணுக்குக் குப்பத்தில் ஒரு பேர் இருந்தது. கரையில் நின்றபடி, தொலைவில் புள்ளியாகத் தெரியும் படகு யாருடையது, அதில் மீன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். படகு எவ்வளவு அமிழ்ந்து வருகிறது என்பதை வைத்துச் சொல்வாராம்.

எனக்கு அதைவிட அவருடைய ஓரக்கண்தான் நினைவில் நிற்கிறது. மணலில் உட்கார்ந்து தலையைக் குனிந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் அம்மா நெத்திலி காயப்போட்டிருப்பாள். வெயிலில் அது வெள்ளி மாதிரிச் சுருண்டு கிடக்கும். பாதி காய்ந்த நெத்திலியின் ருசி தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் சத்தமில்லாமல் போய்க் கையை நீட்டுவேன். "பாப்பா, அத்த அங்கயே வெய்யி" என்பார், தலை நிமிராமல். நைனாவுக்குக் காதோரத்தில் இன்னொரு கண் இருப்பதாக ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இங்கே எனக்குத் துறைமுகக் கால்வாய்களின் ஆழத்தை அளந்து வரைபடமாக்கும் வேலை. பார்ப்பதைக் குறித்து வைப்பது பழக்கமாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறையில் போனபோது போனில் இப்படிக் குறித்து வைத்தேன்:

ஒன்று. கதவு நிலையில் இடது தோள் இடித்தது. மூன்று முறை. மூன்று முறையும் கதவைத் திட்டினார்.

இரண்டு. சாப்பாட்டில் பக்கத்தில் வைத்த கருவாட்டுக் கிண்ணத்தைத் தொடவில்லை. அம்மா பேசாமல் கிண்ணத்தை நகர்த்தித் தட்டுக்கு நேரே வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டார்.

மூன்று. வாசற்படி விளிம்பில் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு. எதற்கு என்று கேட்டதற்கு "எறும்பு வராது" என்றாள் அம்மா. எறும்பு அந்தக் கோட்டின் மேலேயே போய்க்கொண்டிருந்தது.

நான்கு. டச்சுக் கல்லறையில் விழுந்தது.

நான்காவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்யும் யான் என்பவருக்குப் பழைய வரலாற்றில் பைத்தியம். உங்கள் ஊரில் எங்கள் ஆட்களின் கல்லறை இருக்கிறதாமே, படம் எடுத்து வா என்று கேட்டிருந்தார். நைனாவும் கூட வந்தார். வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள், உள்ளே எழுத்து செதுக்கிய பெரிய பெரிய கற்கள். சின்ன வயதில் நாங்கள் ஓடி விளையாடிய இடம். நைனா நேரே பார்த்துக்கொண்டு நடந்தார். இடப்பக்கம் தாழ்வாகக் கிடந்த ஒரு கல்லில் முழங்கால் மோதி அப்படியே குப்புற விழுந்தார். தோல் உரிந்து ரத்தம் வந்தது.

"செத்து எத்தினி வருசம் ஆவுது, இன்னும் வழியில கால நீட்டினு கெடக்கறான் பாரு ஒல்லாந்துக்காரன்!"

வாட்ச்மேன் சிரித்தார். நானும் சிரித்தேன். கல் அவ்வளவு பெரியது. பகல் பதினோரு மணி.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். "அம்மா, நைனா கண்ணு..."

"வந்தது நாலு நாளு. நல்லத பேசு" என்றாள்.

எங்கள் பக்கம் கடலுக்குப் புறப்படுகிறவரிடம் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கடலுக்குப் போகிற வீட்டில் கெட்டதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் நடந்துவிடும் என்ற பயம். ஏற்கெனவே நடந்துவிட்டதைக்கூடச் சொல்வதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

3

அதே விடுமுறையில் ஒரு நாள் நைனா என்னைப் படகில் அழைத்துப் போனார். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடந்தது. "நீதான் ஆழம் அளக்கறவளாச்சே, வந்து பாரு" என்றார். நைனா பின்னால் சுக்கான் பிடித்திருந்தார். அம்மாவின் தம்பி மணி மாமா முன்னால் நின்றார். நடுவே வலைக் குவியலின் மேல் நான். என் இரண்டு பக்கமும் கூட்டாளிகள் இருவர்.

மணி மாமா பேசாத மனிதர். அவர் கல்யாணத்தன்றுகூட நாலு வார்த்தை பேசியதாக யாரும் சொல்ல மாட்டார்கள். அன்று படகு கிளம்பியதும் ஆரம்பித்தார்.

"ஆங், லைட்டவுசு பனமரத்த வுட்டு வெளிய வந்துட்சி பாரு பாப்பா. இன்னா அழகா கீது!"

நான் திரும்பிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. படகு லேசாகத் திரும்பியது.

"தோ, சோத்தாங்கைப் பக்கம் வடக்குக் குப்பத்து போட்டு வருது. அவன் பொண்ணுக்குக் கல்யாணமாமே. மச்சான், ஒனக்குப் பத்திரிக வந்துச்சா?"

"வரலியே" என்றார் நைனா, வலப்பக்கம் திரும்பாமலே. கை மட்டும் சுக்கானை அசைத்தது. படகு இடப்பக்கம் ஒதுங்கியது.

"மணியண்ணன் ரேடியோ பாட ஆரம்பிச்சிட்சி" என்றார் கூட்டாளிகளில் ஒருவர்.

"ஏண்டா, வூட்ல ஒங்கக்கா கேட்டா வாய தொறக்க மாட்ட, இங்க வந்து கொட்டற" என்றார் நைனா. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது களைப்பில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். அப்போதும் மாமாவின் குரல் நிற்கவில்லை. "பீச்சாங்கைப் பக்கம் வெள்ளையா நொர ஒடையுது பாரு பாப்பா, மண்ணு மேடு அங்கதான் கீது." நான் பார்க்கவே இல்லை. நான் பார்க்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். கண்ணைத் திறந்து நைனாவின் முகத்தைப் பார்த்தேன். நேரே பார்த்தபடி, பிடித்த பாட்டைக் கேட்பவர் போல இருந்தார்.

இங்கே துறைமுகத்துக்குள் கப்பல் வர விளக்கு, வானொலி, வழிகாட்டும் படகு என்று எத்தனையோ ஏற்பாடு. அன்று மூன்று பேர் கல்யாணப் பேச்சையும் ஊர் வம்பையும் வைத்து ஒரு மனிதருக்குக் கண்ணாக இருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கு மெய்சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது. கரை வந்ததும் மாமாவைத் தனியாகப் பிடித்தேன்.

"மாமா, நைனாவுக்கு..."

"மீன ஐஸ்ல வெக்கணும் பாப்பா. தள்ளு."

சொன்னால் நைனா சுக்கானை விட வேண்டியிருக்கும். எங்கள் குப்பத்தில் சுக்கானை ஒருமுறை விட்டவர் திரும்பத் தொடுவதில்லை. அதற்குப் பிறகு எல்லாரும் அவரிடம் மரியாதையாகப் பேசுவார்கள். கிண்டல் செய்ய மாட்டார்கள். நைனா கிண்டலில் வாழ்கிற மனிதர்.

4

அடுத்த வருடம் ஒரு யோசனையோடு போனேன். சொல்லாமலே உதவி செய்யலாம் என்று யோசனை. உள்ளங்கை அளவு திரை உள்ள ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கினேன். முகத்துவாரத்தில் போகிற வழியை அதில் கோடாகப் போட்டேன். கோட்டை விட்டு விலகினால் திரை சிவப்பாகும்.

நைனா அதைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "ஷோக்கா கீதுமா" என்றார். சுக்கானுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் அதைப் பொருத்தினார்கள். குப்பமே வந்து பார்த்தது. "மாப்ளைக்குச் சீரா வந்த டிவி மாரி வெச்சிகினு போறான்யா" என்று ஒருவர் சொன்னார். நைனாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

பக்கம் தெரியாதவருக்குப் பக்கத்தில் ஒரு திரை. நான் பொறியியல் படித்தவள். அந்தத் திரை அவருக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கொடுத்தேன். ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு விமானம் ஏறினேன்.

பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. கருவி பொருத்திய நாளிலிருந்து மணி மாமா பேச்சை நிறுத்திவிட்டார். பாப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதற்குத்தான் இந்த மிஷினைக் கொடுத்திருக்கிறாள், இனி நம் ரேடியோ தேவையில்லை என்று நினைத்தாராம். பேசாத மனிதருக்குப் பேசாமலிருக்க அனுமதி கிடைத்த சந்தோஷம் வேறு. மற்ற இருவரும் அப்படியே. நைனாவோ, ஏன் பேசவில்லை என்று கேட்டால் திரை தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கேட்கவில்லை. ஒன்றரை மாதம் அந்தப் படகு எந்தக் குரலும் இல்லாமல் போய் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் முகத்துவாரத்தில் திரும்பும்போது இடப்பக்க மணல் மேட்டில் மோதியது. படகு சாய்ந்தது. முன்னால் நின்ற மணி மாமா தூக்கி எறியப்பட்டு, கை படகின் விளிம்புக்கும் மணலுக்கும் நடுவே மாட்டியது. இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. கூட்டாளி ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

அம்மா போனில், "மாமாவுக்குக் கையில லேசா அடி" என்றாள். நைனா போனை வாங்கினார்.

"மண்ணு நகந்துட்சிமா. போன வாரம் அது அங்க இல்ல. நீ படிச்சவ, சொல்லு. மொகத்தொவாரத்துல மண்ணு நகரும்ல?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் பலர் இருப்பது தெரிந்தது. என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"நகரும் நைனா" என்றேன். "ஒரே நாள்லகூட நகரும்."

"பாத்தியா, பாப்பாவே சொல்லிட்சி" என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

எத்தனையோ ஆழ அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இவ்வளவு சரியான, இவ்வளவு பொய்யான ஒன்றை எங்கும் தந்ததில்லை.

5

விபத்து நடந்து சில மாதம் கழித்து யான் என்னை ஓர் ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துப் போனார். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் இருந்த காலத்து வரைபடம் ஒன்று அங்கே இருந்தது. யான் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் ஏதோ கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றேன். எங்கள் ஊரில் அதற்கு முடியாது என்று அர்த்தம். அவர் நாள்காட்டியை எடுத்துத் தேதி குறித்துவிட்டார். என் முதல் அறிக்கையைப் படித்துவிட்டு, "தூக்கம் வருகிறது, திருப்பி எழுது" என்றார்.

வரைபடத்தை விரித்தார். எங்கள் ஏரி, எங்கள் முகத்துவாரம். மணல் மேட்டைச் சுற்றிலும் பொடிப் பொடியாக ஆழ எண்கள். கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேரில் வைத்துக் கடலிலிருந்து உள்ளே வர ஒரு கோடு. நைனா செய்வதும் அதுதான். கலங்கரை விளக்கத்துக்குப் பதிலாகக் கோட்டைக் கொடிமரம், அவ்வளவே. தூரத்தில் யாரோ பனைமரங்களைக்கூட மெனக்கெட்டு வரைந்திருந்தார்கள். வெயிலின் வாசனை வந்ததுபோல இருந்தது. அம்மா கருவாடு திருப்பிப் போடும் நேரம் அங்கே.

யான் உற்சாகமாக அடுத்த ஆவணக் கட்டைத் திறந்தார். பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, போன கப்பலின் சரக்குப் பட்டியல். பழைய கையெழுத்தைப் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். துணிப் பொதி. சாயத் துணி. அரிசி. அடுத்த வரியில் நிறுத்தினார். நான் எட்டிப் பார்த்தேன். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். இத்தனை பேர் என்று எண். அதே மை, அதே அளவு எழுத்து. அதற்கு அடுத்த வரியில் மறுபடியும் துணி.

யான் கட்டை மூடினார். "காபி குடிக்கலாமா?" என்றார்.

குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினார். நானும் மழையைப் பற்றிப் பேசினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் ஊரிலும் கல்லறையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் துணியைச் சொல்வார்கள், வெடிமருந்தைச் சொல்வார்கள். கப்பலில் அடிமையாக ஏற்றிய ஆட்களைச் சொல்ல மாட்டார்கள். அவர்களைக் கரைவரை கூட்டிவந்து விட்டது யார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்தக் கற்களின் மேல் ஏறிக் குதித்து வளர்ந்த நானும் கேட்டதில்லை.

ரயிலில் திரும்பும்போது அந்த எழுத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. தெளிவாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறார். போனைத் திறந்து என் குறிப்பைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதுவும் தெளிவாகத்தான் இருந்தது.

அன்றே பேசிவிட்டேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. முன்பின் தெரியாத பயிற்றுநர் ஒருவர் என் கண்ணைப் பற்றி ஐந்து நிமிடத்தில் சொல்லும்வரை, கண்ணாடிக் கடையில் என் கை தானாகப் பொய் எழுதும்வரை, பேசவில்லை.

6

கண்ணாடிக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து, சொல்ல வேண்டியதை முதலில் டச்சு மொழியில் சொல்லிப் பார்த்தேன். சுலபமாக வந்தது. அந்த மொழியில் என்னால் எதையும் சொல்ல முடியும். என்னைப் பெற்றவர்கள் யாரும் அதில் இல்லை. தமிழில் முதல் வார்த்தையே வரவில்லை. அங்கே இரவு ஏழரை மணி இருக்கும். தயாராவதற்குள் போன் போட்டுவிட்டேன்.

"இன்னா கண்ணு, இந்நேரத்துல? சாப்டியா?" என்றாள் அம்மா.

"நைனா கிட்ட குடும்மா."

"இன்னா விசயம்?"

"குடு."

நைனாவின் முகம் திரையை நிறைத்தது. இப்போதெல்லாம் போனை முகத்துக்கு நேரே, கிட்டத்தில்தான் பிடிப்பார். "இன்னாமா?"

"நைனா, உனக்குப் பக்கம் தெரியல. நேரா மட்டுந்தான் தெரியுது. மாமா கை ஒடிஞ்சது மண்ணு நகந்ததால இல்ல. நான் அன்னிக்கி சொன்னது தப்பு. அந்த மிஷின குடுத்ததும் தப்பு, அது உனக்குத் தெரியாதுனு தெரிஞ்சேதான் குடுத்தேன். இது கண்ணுல வர்ற ஒரு வியாதியா இருக்கலாம். போனது வராது. மிச்சத்த மருந்து போட்டுக் காப்பாத்தலாம். ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமா போய்க்கினே கீது நைனா."

பட்டியல் படிப்பதுபோல ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"ஒனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லல."

பின்னாலிருந்து அம்மாவின் குரல். "வாய கழுவுடி! கடலுக்குப் போற மனுசன பாத்து..." போன் அணைந்தது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் யாரும் என் போனை எடுக்கவில்லை. கால்வாய்களை அளந்தேன். அறிக்கை எழுதினேன். சைக்கிளில் போகும்போது திடீரென்று ஒரு கண்ணை மூடி, பக்கத்தில் என்ன தெரிகிறது என்று பார்ப்பேன். பிறகு பயந்து திறந்துகொள்வேன். நைனா மறுபடி கடலுக்குப் போகிறாரா, யார் சுக்கான் பிடிக்கிறார்கள், எதுவும் தெரியவில்லை.

7

பதின்மூன்றாம் நாள் மணி மாமா கூப்பிட்டார்.

"ஏன் பாப்பா, நாங்க மூணு பேரும் தொண்ட காயக் காயக் கத்திக் காப்பாத்தினு வந்தத ஒரே போன்ல போட்டு ஒடச்சிட்டியே."

"கை எப்படி கீது மாமா?"

"கை கெடக்குது வுடு. நீ பேசுன மறுநாளு ஒங்க நைனா என் வூட்டுக்கு வந்தாரு. மணி, எத்தினி நாளா தெரியும்னாரு. ரெண்டு வருசம் மச்சான்னேன். அப்பறம் மத்த ரெண்டு பேரு வூட்டுக்கும் போய் அதயே கேட்டுக்கினு வந்தாரு. வந்து, சுக்கான் இனிமே ஒன்துன்னாரு. இன்னும் சரியா மடங்காத கைல குடுத்தா நான் எப்டி புடிக்கறது, சொல்லு" என்று சிரிக்கப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கு?"

"அத்த எங்கிட்ட கேக்காத. நான் ஒண்ணும் சொல்ல மாட்டன்." போனை வைக்கப் போனவர் நிறுத்தினார். "நாளிக்கி காலீல மொத பஸ்சு."

பொன்னேரிவரை பஸ். திருப்பாலைவனம் தாண்டினால் வயலும் வரப்புமாக வருகிற அந்தச் சாலையை நான் கல்லூரிக்குப் போன நாலு வருடமும் ஜன்னலோரத்தில் பார்த்திருக்கிறேன். பிறகு ரயிலில் சென்னை. நைனாவின் ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் மடங்காத கையோடு மாமா. கிளாக்கோமாதான். இடது கண்ணில் அநேகமாக ஒன்றுமில்லை. வலது கண்ணில் நடுவே கொஞ்சம் இருக்கிறது. அதைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஆயுள் முழுக்கத் தினம் இரண்டு வேளை மருந்து. படகு ஓட்டக் கூடாது. இதையெல்லாம் மாமாதான் சொன்னார். நைனா பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவராகவே கூப்பிட்டார். வாசலில் உட்கார்ந்திருந்தார். அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டார். பெய்கிறது என்றேன். கண்ணாடி போட்டிருக்கிறாயா, நல்லாத்தான் இருக்கிறது என்றார். பிறகு,

"டாக்டரு கேட்டாரு, எவ்ளோ நாளா இப்டி கீதுனு. அஞ்சு வருசத்துக்கு மேலனு சொன்னேன். ஒங்கம்மா அங்கயே சேர்ல உக்காந்துட்டா."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். எனக்கும் மாமாவுக்கும் தெரிந்து இரண்டு வருடம். அம்மாவுக்கு மூன்று இருக்கலாம். அதற்கு முன்பெல்லாம் அந்த இருட்டில் அவர் தனியாக இருந்திருக்கிறார்.

"நான் கெளம்பறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஏர்போட்ல நீ உள்ள போறத நான் பாக்கல. கூட்டத்துல பக்கவாட்டுல போய்ட்ட போல. ஒங்கம்மா கைய ஆட்னா. நானும் அந்தாண்ட பாத்து ஆட்னேன்."

"ஏன் நைனா அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ போயிருப்பியா?"

போயிருக்க மாட்டேன் என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. எந்தப் பிள்ளையும் சொல்கிற பதில். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா, கையை நிறுத்திவிட்டு அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். அந்த நாளில் நான் எப்படி இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கையில் விசா. அழுதிருப்பேன். எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று ஒரு பட்டியல் எழுதி மாமாவிடம் கொடுத்திருப்பேன். பிறகு விமானம் ஏறியிருப்பேன்.

"போயிருப்பேன் நைனா."

அவர் நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா" என்றார். "அத்த என் காதால கேக்க வேணாம்னுதான் சொல்லாம வுட்டேன்."

அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு மருந்துக் குப்பியோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "தலய தூக்குய்யா" என்றாள். முதல் சொட்டு கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது உள்ளே விழுந்தது. மருந்து இறங்கும்வரை கண்ணை மூடியிருக்க வேண்டுமாம். போனை மடியில் வைத்துவிட்டார். திரையில் வானமும் அவருடைய தாடையும் மட்டும் தெரிந்தன.

"வெச்சிட்டியாமா?"

"இல்ல நைனா."

"இரு. கண்ணத் தொறக்கறேன்."